கோழி டாக்டர் கண்மணியின் வாக்குமூலம்

ஆக்லாந்தின் தெற்குப் புறநகரான தகனினியில் வாழும் தமிழர்களில் கண்மணியைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. அவர்களில் பாதிப் பேரை அவளுக்கும் பிடிக்காது.

முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் கோழி டாக்டர் என்று பெயர். பிறந்தநாள் விருந்துக்குப் போனால் அவள் பக்கத்து நாற்காலிதான் கடைசியாக நிரம்பும். இரண்டு முறை தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த புதுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாலும் யாராவது ஒருத்தி மூக்கை லேசாகத் தொட்டுக்கொள்வாள். கோழி எச்சத்தின் அமோனியா வாடை மயிர்க்காலில் தங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மூக்கைத் தொட்ட அதே விரல்கள் ஐந்து நிமிடம் கழித்துத் தட்டிலிருந்த பொரித்த கோழியை எடுப்பதையும் கண்மணி பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "அது எங்க பண்ணைதானுங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியும் இருக்கிறாள். பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராசிபுரம் பக்கத்தில் அவளுடைய அப்பாவுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கம்பிக் கூண்டுகளில் இருபதாயிரம் கோழிகள். அந்த வருமானத்தில்தான் அவள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தாள். எனவே கோழியைப் பார்த்து உருகுகிற ரகம் அல்ல அவள். தீவனம் இவ்வளவு உள்ளே போனால் முட்டை இவ்வளவு வெளியே வரவேண்டும் என்ற கணக்கில் வளர்ந்தவள். கணவன் வெற்றியோடு ஆக்லாந்துக்கு வந்தபோது, இங்கே மருத்துவம் பார்க்க வேண்டுமானால் மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். ஒரு முறை எழுதித் தோற்றாள். அடுத்த முறைக்குள் தகனினியில் வீடு வாங்கியாயிற்று; வெற்றியின் கணினி வேலைச் சம்பளம் மட்டும் போதவில்லை. தெற்கே இருபது நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு கறிக்கோழிப் பண்ணையில், செத்த கோழி பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு வருடத்தில் அந்தப் பண்ணைக்கே மேலாளர் ஆனாள். காலையில் ஊரே நகரத்தைப் பார்த்து மோட்டார்வேயில் ஊர்ந்துகொண்டிருக்க, அவள் மட்டும் எதிர்த் திசையில் காலிச் சாலையில் போவாள்.

பண்ணையில் ஆறு ஷெட். ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டாயிரம் குஞ்சுகள். கறிக்கோழிக்கு இந்த நாட்டில் கூண்டு கிடையாது. மரச்சீவல் பரப்பிய தரையில்தான் வளரும். விளம்பரத்தில் அதைச் 'சுதந்திரமாக நடமாடும் கோழி' என்று எழுதுவார்கள். நான்காவது வாரத்துக்குப் பிறகு நடமாட இடம் இருக்காது என்பதை எழுதமாட்டார்கள். ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ ஆகிவிடும் உடம்பு. கால் மட்டும் ஐந்து வாரக் கால். உடம்பைத் தாங்க முடியாமல் கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிற கோழிகளைத் தினமும் தேடி எடுத்து, கழுத்தைத் திருகிப் போட வேண்டும். கண்மணி ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது திருகுவாள். இரவு வீட்டில் சப்பாத்தி மாவு பிசைய வெற்றியைத்தான் கூப்பிடுவாள். மணிக்கட்டு வலிக்கும்.

அவளுக்குக் கீழே நான்கு பேர். அவர்களில் மூத்தவர் குணசீலன். மலேசியாவில் கிள்ளான் பக்கம். கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு, மனைவி சாந்தாவோடு தகனினிக்குப் பக்கத்திலிருக்கும் மனுரேவாவுக்கு வந்தவர். ஐம்பத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வேலைக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு ஷெட்டுக்கும் அவர் ஒருவர்தான்.

அது நடந்ததும் ஒரு ஞாயிறுதான். பிப்ரவரி நீண்ட விடுமுறையின் நடுவில், காற்றே அசையாத புழுக்கமான நாள். மதியம் இரண்டு மணி சுமாருக்கு நான்காவது ஷெட்டின் மின்பெட்டி ட்ரிப் ஆகி, விசிறிகள் அத்தனையும் நின்றுவிட்டன. நின்ற உடனே ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதன் பேட்டரி செத்துக் கிடந்தது. கண்மணியின் கைப்பேசிக்கு அலாரம் வர வேண்டும். அந்த அலாரம் டிசம்பரிலிருந்தே கோளாறு. நடுநடுவே சும்மா அலறும், பிறகு நாள்கணக்கில் ஊமையாக இருக்கும். அதை மாற்றச் சொல்லி வட்டார மேலாளர் கிரெய்க்குக்குக் கண்மணி மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இந்த பேட்ச் முடியட்டும் என்று மூன்றுக்கும் ஒரே பதில்.

குணசீலன் ஒன்றாவது ஷெட்டில் ஆரம்பித்து வரிசையாக நடந்து நான்காவதுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று இருபது.

அவர் போன் போட்டுக் கூப்பிட, கண்மணி போய் இறங்கியபோது அவர் பெரிய கதவுகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, உள்ளே நடுவில் நின்றுகொண்டிருந்தார். வெளிச்சம் தெரிந்த சுவரோரங்களை நோக்கி ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இடுப்பளவு உயரத்துக்குக் கோழிகள் குவிந்து கிடந்தன. அடியில் இருந்தவை வெந்தது போல இருந்தன. இறகைப் பிடித்தால் தோலோடு கழன்றது. முப்பத்திரண்டாயிரம் உயிர்கள் எழுப்புகிற அந்த ஓயாத இரைச்சல், எட்டு வருடம் அவள் காதில் இருந்த இரைச்சல், அங்கே இல்லை. அங்கங்கே சில நூறு கோழிகள் வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி இழுத்துக்கொண்டிருந்தன. பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். இருவரும் அவற்றின் கழுத்தைத் திருகத் தொடங்கினார்கள். கடைசிக் கோழியை முடித்தபோது வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. குணசீலன் குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

செத்தவை முப்பத்தோராயிரத்து நானூறு. அறுபது டன்னுக்கு மேல். விடுமுறை நாளில் அத்தனையையும் எடுத்துப்போக, செத்த கோழியை அரைக்கும் எந்த ஆலையும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை கிரெய்க் ஒரு மண் தோண்டும் இயந்திரத்தை வரவழைத்து, பண்ணையின் பின்பக்கம் பள்ளம் வெட்டி, எல்லாவற்றையும் தள்ளி மூடினான். பிறகு கண்மணியை அலுவலகத்துக்குள் கூப்பிட்டு, ஒரு காகிதத்தை நீட்டினான். மணிக்கொரு முறை எல்லா ஷெட்டையும் பார்க்க வேண்டும் என்ற விதியைப் பணியாளர் மீறியதுதான் இழப்புக்குக் காரணம் என்று அதில் எழுதியிருந்தது.

"ஒரு ஆள் ஆறு ஷெட்டையும் சுத்தி வர ரெண்டரை மணி நேரம் ஆகும். உனக்கே தெரியும்," என்றாள் கண்மணி.

"தெரியும். அலாரம் சரியில்லைன்னு தெரிஞ்சும் ஒரு ஆளை மட்டும் வேலைக்குப் போட்டது யாரு? பட்டியல் போடறது நீ," என்றான் கிரெய்க். "அவர் பேர் இருக்கணுமா, உன் பேர் இருக்கணுமா? பத்து நிமிஷம் எடுத்துக்கோ."

அவள் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை குணசீலனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் தன் பூட்ஸைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப் போனார். கண்மணி அப்போது ஆறாவது ஷெட்டுக்குள் இருந்தாள். வேண்டுமென்றேதான் இருந்தாள்.

ஏப்ரலில் அந்த நிறுவனம் இன்னும் ஆறு ஷெட் கட்ட விண்ணப்பித்தது. அக்கம்பக்கம் முழுவதும் கொதித்தெழுந்தது. அங்கே லைஃப்ஸ்டைல் பிளாக் என்று இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் வாங்கி, பெரிய வீடு கட்டி, நாலு ஆடும் ஒரு குதிரையும் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் அதிகம். எதிர்ப்புக் குழுவின் தலைவர் சுந்தரமூர்த்தி. சென்னைக்காரர்; மென்பொருள் நிறுவனம் நடத்தி, விற்று, ஓய்வு பெற்றவர். பிறப்பிலிருந்தே சைவம். தமிழ்ச் சங்க விழாக்களில் முதல் வரிசையில் உட்காருகிறவர்.

சித்திரைத் திருநாள் விழா பிளாட் புஷ் பகுதியில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. கண்மணி தட்டோடு வரிசையில் நின்றபோது சுந்தரமூர்த்தி நேராக அவளிடமே வந்தார்.

"நீங்கதானேம்மா அந்தப் பண்ணை மேனேஜர்? படிச்ச பொண்ணு. இந்தப் பாவத்துக்கு எப்படிம்மா மனசு வருது? வாயில்லா ஜீவன்கள் லட்சக்கணக்குல..."

"சார், உங்க பொண்ணு ரஷ்மி கல்யாணத்துல அறுநூறு பேருக்குக் கோழி பிரியாணி போட்டீங்க. நானும் வந்திருந்தேன். அந்தக் கோழி எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

வரிசையில் இருந்தவர்கள் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

"அது சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்டது. நான் தொடக்கூட இல்லை."

"நீங்க தொட வேண்டாமுங்க. தொடற வேலைக்குத்தான் நாங்க இருக்கோமே." கண்மணி தட்டைக் கீழே வைத்தாள். "ஜீவன், பாவமுன்னு சும்மா சொல்லாதீங்க. காத்து உங்க வூட்டுப் பக்கம் அடிச்சா நிலத்து வெலை எறங்கிப் போகும். அதச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நமக்கே கெட்ட பேர்," என்றார் சுந்தரமூர்த்தி. முகம் சிவந்திருந்தது. யாரோ அவரைத் தோளில் பிடித்து அழைத்துப் போனார்கள். யாரும் கண்மணியை அழைத்துப் போகவில்லை. காரில் ஏறியதும் வெற்றி சொன்னான்: "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? நாம இந்த ஊர்லதான் இருக்கணும்."

"இருக்கறேன். யாரு ஓடறாங்க?"

அந்தச் சண்டையில் தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் 'தொடற வேலைக்கு நாங்க இருக்கோம்' என்று சொன்னபோது குழாயடியில் உட்கார்ந்திருந்த குணசீலனின் முதுகு நினைவுக்கு வந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதை அவள் வெற்றியிடம் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை சுந்தரமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கோப்பு. குரலில் இப்போது தேன்.

"கண்மணி, பழசை மறந்துடுவோம். நாலாவது ஷெட்டுல நடந்தது எனக்குத் தெரியும். குணசீலன் சம்சாரம் யார்கிட்டயோ சொல்லி, என் காதுக்கு வந்துது. அடுத்த மாசம் புது ஷெட் விண்ணப்பத்து மேல விசாரணை. கம்பெனி சார்பா நீங்கதான் சாட்சி சொல்லப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"குணசீலன் அண்ணன நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"இல்லை, அவர் வந்து... அவர் சொன்னா எடுபடாதும்மா. வேலையை விட்டு எடுத்த ஆளு, வயித்தெரிச்சல்ல சொல்றான்னு வக்கீல் சொல்லிடுவான். நீங்கன்னா டாக்டர்."

"அப்ப அந்தாளு உங்களுக்கு வேண்டாம். அவரு கதை மட்டும் வேணும்." கண்மணி எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். "போயிட்டு வாங்க சார்."

அவர் போன பிறகு அவள் கார்ச் சாவியை எடுத்தாள். ஏழு மாதமாகப் போகாத இடம் மனுரேவா. குணசீலன் வீட்டு மணியை அடித்தபோது சாந்தா வந்து, கம்பிக் கதவைத் திறக்காமல் நின்றாள்.

"என்னா வேணும்?"

"அண்ணனப் பாக்கணும்."

"அண்ணனா?" சாந்தா திரும்பி உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "ஒங்க தங்கச்சி வந்திருக்காங்க. வந்து பாருங்க."

குணசீலன் வந்தார். மெலிந்திருந்தார். அவரும் கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"மேடம், சொல்லுங்க."

"அந்த ரிப்போர்ட்ல நான் கையெழுத்து..."

"தெரியும்லா. எனக்குக் காட்டினாங்க. ஒங்க கையெழுத்த எனக்குத் தெரியாதா? இத்தன நாளா ஒங்க ஷீட்டப் பாத்துதானே வேல செஞ்சேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "அதுக்கப்புறம் மூனு எடத்துல வேலைக்குக் கேட்டேன். மூனு எடத்துலயும் பழைய முதலாளிக்கு போன் போட்டாங்க. அவ்ளோதான். இந்த வயசுல வெக்கமா இருக்கு மேடம். சர்ச்சுல ஆளுங்க கேக்கறாங்க, முப்பதாயிரம் கோழிய நீதான் கொன்னியாமேன்னு."

"விசாரணையில சொல்லிடறேன். எல்லாத்தையும்."

"சொல்லுங்க, சொல்லாம இருங்க. எனக்காகன்னு மட்டும் சொல்லிக்காதீங்க. ஒங்களுக்குத் தூக்கம் வரல, அதுக்குச் சொல்றீங்க."

அவர் மரக்கதவையும் சாத்தினார். கண்மணி காரில் வந்து உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்கப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வெற்றியிடம் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"வேலை போயிரும் கண்மணி."

"போவட்டும்."

"ஒன்ற வேலை மட்டுமில்ல. கோழி வேலைன்னு இந்த நாட்டுல இனி எவனும் உன்னையச் சேத்துக்க மாட்டான். யாருக்காக? அந்த ஊர்ப் பெரிய மனுசனுக்காகவா?"

"அந்தாளுக்காக ஒரு மசுரும் இல்ல," என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் பேச்சு, உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு நின்றது.

அக்டோபரில் விசாரணை ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. வாசலில் இளைஞர்கள் இறந்த கோழிகளின் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கண்மணி நிறுவனத்தின் காரிலிருந்து இறங்கியதும் ஒரு பெண் அவள் முகத்துக்கு நேரே, "கொலைகாரி!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். உள்ளே விண்ணப்பத்தை விசாரிக்கும் மூன்று கமிஷனர்கள். நடுவில் நரைத்த முடியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்த பெண்மணிதான் தலைவர். ஒரு பக்கம் கிரெய்க்கும் வழக்கறிஞரும். மறுபக்கம் சுந்தரமூர்த்தியும் லைஃப்ஸ்டைல் பிளாக்காரர்களும்.

வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருந்த வாக்குமூலம் நான்கு பக்கம். எட்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் நடந்ததில்லை என்பது இரண்டாம் பக்கத்து மூன்றாவது வரி. கண்மணி அதுவரை வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த வரி பொய்," என்றாள். "பிப்ரவரியில நாலாவது ஷெட்ல முப்பத்தோராயிரத்து நானூறு கோழி மூச்சு முட்டிச் செத்துது. அலாரம் ரெண்டு மாசமா வேலை செய்யலை. மூணு தடவை எழுதினேன். மாத்தலை. அன்னைக்கு வேலையில இருந்த குணசீலன் மேல எந்தத் தப்பும் இல்லை. அவர் மேல பழி போட்டு ஒரு ரிப்போர்ட் இருக்கு. அதுல கையெழுத்துப் போட்டது நான். அதுவும் பொய்."

வழக்கறிஞர் எழுந்துவிட்டார். எதிர்ப்பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள். தலைவர் கையை உயர்த்தி இரண்டையும் அடக்கினார்.

"உங்கள் துயரம் புரிகிறது," என்றார் தலைவர் மெதுவாக. "ஆனால் விலங்குகளின் நலன் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. பணியாளர் விவகாரமும் அப்படித்தான். நாற்றம், தூசி, லாரிப் போக்குவரத்து, நிலத்தடி நீர் இவற்றை மட்டும்தான் இந்தக் குழு பார்க்க முடியும். நீங்கள் சொன்னது எங்கள் வரம்புக்குள் இல்லை."

கண்மணிக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி கேட்டாள். அவர் மறுபடி அதையே சொன்னார். எட்டு மாதம் தொண்டையில் நின்றதைக் கூட்டத்தின் நடுவில் கக்கியாயிற்று. அதை வைத்துக்கொள்ள அங்கே ஒரு தட்டுகூட இல்லை. கிரெய்க்கின் முகத்தில் லேசாக இரத்தம் திரும்பி வருவதை அவள் பார்த்தாள்.

அப்போது ஓரத்தில் இருந்த இளைய கமிஷனர், எதையோ குறித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "அறுபது டன் இருக்குமே. அந்த உடல்களை என்ன செய்தீர்கள்?"

"பின்னால பள்ளம் வெட்டிப் புதைச்சாங்க."

"அனுமதி வாங்கினீர்களா?"

"இல்லை."

"ஓடையிலிருந்து எவ்வளவு தூரம்?"

"நடந்தா முப்பது காலடி."

மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கின. வழக்கறிஞர் இடைவேளை கேட்டார். அடுத்த முக்கால் மணி நேரம் பள்ளத்தின் ஆழம் என்ன, அடியில் எதுவும் விரித்தார்களா, மழைக்காலத்தில் ஓடை நீர் நிறம் மாறியதா என்று கேள்விமேல் கேள்வி. தெரிந்ததை எல்லாம் சொன்னாள். முப்பத்தோராயிரம் கோழி துடிதுடித்துச் செத்தது யாருக்கும் வேண்டாத செய்தி. செத்த பிறகு அவை தண்ணீரைக் கெடுத்திருக்கலாம் என்றதும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். தீவனக் கணக்கில் வளர்ந்தவளுக்கே அந்தக் கணக்கு ஒப்பவில்லை.

வெளியே வந்தபோது சுந்தரமூர்த்தி இரண்டு கையையும் நீட்டியபடி ஓடி வந்தார். "ஜெயிச்சுட்டோம்மா! ஒரே வார்த்தையில கவுத்துட்டீங்க!"

"என்ற கையத் தொடாதீங்க," என்றாள் கண்மணி.

நிறுவனத்தின் கார் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. வெற்றிக்கு போன் செய்தாள். அலுவலகத்தைப் பாதியில் விட்டு வந்தான். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். அவள் இல்லை என்றாள்.

திங்கட்கிழமை வேலைநீக்கக் கடிதம் வந்தது. நிறுவனத்தின் நம்பிக்கையைக் குலைத்தாளாம். தன்னிடம் இருந்த மூன்று மின்னஞ்சலையும், கையெழுத்துப் போட்டது எப்படி என்று தானே எழுதிய இரண்டு பக்கத்தையும் அவள் குணசீலனுக்காக வாதாடிய தொழிற்சங்க வழக்கறிஞருக்கு அனுப்பினாள். மூன்று மாத இழுபறிக்குப் பிறகு, குணசீலன் மேல் தவறில்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. இப்போது அவர் மனுரேவாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக் கிடங்கில் வேலை செய்கிறார். ஒரு முறை சூப்பர்மார்க்கெட்டில் எதிரே வந்தார். கண்மணி நின்றாள். அவர் தள்ளுவண்டியைத் திருப்பி அடுத்த வரிசைக்குள் போய்விட்டார். அவள் பின்னால் போகவில்லை.

கோழிகள் செத்தது பற்றி விலங்கு நலனைப் பார்க்கும் அமைச்சகம் தனியாக ஒரு விசாரணை தொடங்கியது. ஓர் அதிகாரி வந்து இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். ஷெட் அனுமதி பற்றிய தீர்ப்போ அந்த விசாரணை முடியும் முன்பே வந்துவிட்டது. நாற்பத்தொரு பக்கம். புதிய ஆறு ஷெட்டுக்கும் அனுமதி மறுப்பு. காரணம், ஓடை. கண்மணி அதைக் கணினியில் முழுவதும் படித்தாள். கோழி என்ற சொல் நிறைய இடத்தில் வந்தது. எல்லா இடத்திலும் அதற்குப் பின்னால் எச்சம், கழிவு, உடல் என்று இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. நான்கு மணி நேரத் தூரத்தில், சுற்றிலும் வீடே இல்லாத இடத்தில், பன்னிரண்டு ஷெட்டுக்கு நிலம் வாங்கிவிட்டது.

பொங்கல் விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஏற்பாடு சுந்தரமூர்த்தி. போக வேண்டாம் என்றான் வெற்றி. போகிறேன் என்றாள். கறிக்கோழி வளர்ப்புக்கான விதிகளைத் திருத்துவதற்கு அப்போது அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. அதற்காக அவள் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். இரண்டு ஷெட்டுக்கு ஓர் ஆளாவது வேண்டும். அலாரத்தை வாரம் ஒரு முறை சோதிக்க வேண்டும். கால் தாங்குகிற, மெதுவாக வளரும் இனத்துக்கு மாற வேண்டும். இடத்தைக் கூட்ட வேண்டும். அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, அச்செடுத்துக் கொண்டு போனாள்.

மேடையில் பொன்னாடையை சுந்தரமூர்த்தி விரித்தபோது அவள் ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"இது வேண்டாமுங்க. அந்தக் கம்பெனி வேற ஊருல பன்னெண்டு ஷெட் கட்டுது. நாலு லட்சம் கோழி. நாத்தம் நம்ம வூட்டுக்கு வராது, அவ்வளவுதான் வித்தியாசம். இங்க இருநூறு பேரு இருக்கீங்க. இந்தக் காயிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா அரசாங்கத்துக்கு அனுப்பலாம். கோழி வெலை கொஞ்சம் ஏறும். முன்கூட்டியே சொல்லிடறேன்."

மண்டபத்தில் இலை போடத் தொடங்கிவிட்டார்கள். சாப்பாடு ஆறிவிடும் என்றார் ஒருவர். நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்றாள் ஒருத்தி. கண்மணி வாசலருகே ஒரு மேசையில் காகிதத்தை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேர் மாணவர்கள். ஒருத்தி மருத்துவமனைத் தாதி சீதா; தானும் கோழி சாப்பிடுகிறவள்தான் என்று சொல்லிவிட்டே போட்டாள். சுந்தரமூர்த்தி கடைசியாக வந்து, நின்றபடியே முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தார்.

"கமிட்டியில வெச்சுப் பேசிட்டுச் சொல்றேனேம்மா."

"நீங்க வாயில்லா ஜீவன்னு சொன்னீங்க சார், சித்திரைக்கு."

"சொன்னேன்தான். அதுக்காக எல்லாத்துலயும் பேரைக் கொடுத்துட முடியுமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெற்றி வீட்டில் ஐந்தாவது கையெழுத்தைப் போட்டான். ஏதாவது நடக்குமா என்று கேட்டான். தெரியாது என்றாள். ஆறாவதாகத் தன் பெயரை, கால்நடை மருத்துவப் பட்டத்தோடு சேர்த்து எழுதி அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று தானாக வரும் ஒரு பதில் அன்றே வந்தது.

இப்போது பகலில் அவள் செல்லப்பிராணித் தீவனக் கடை ஒன்றில் பில் போடுகிறாள். எட்டு வருடத்துக்கு மேலாகத் தள்ளிப்போன கால்நடை மருத்துவத் தேர்வுக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். கடை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரிப்பாள். வெற்றி பாத்திரம் கழுவுவான். இந்த வாரம் மாட்டின் குளம்பு நோய்கள். அடுத்தது ஆடு.